குதிரையேற்றப் போட்டி காணச் சென்ற கதை
(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



கம்பனையும் வள்ளுவனையும் பற்றிய பேச்சுகளையே இம்மேடையில் கேட்டுப் பழகியவர்கள் நீங்கள். இன்று குதிரையைப் பற்றிய பேச்சு என்று அழைப்பிதழில் கண்டதும் சிலர் அச்சுப்பிழையோ என்று ஐயுற்றதாக அறிகிறோம். நம் செயலாளரே இருமுறை தொலைபேசியில் அழைத்து, தலைப்பை உறுதி செய்துகொண்டார். பிழையொன்றும் இல்லை. சென்ற தை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமையன்று, நம் காலனியிலிருந்து இருபத்திரண்டு பேர், டில்லி கன்டோன்மென்ட் பகுதியில் நடைபெற்ற சிறுவர் சிறுமியர் குதிரையேற்றப் போட்டியைக் காணச் சென்றோம். அங்கே கண்டதையும், கண்டபின் எங்களுக்குள் நிகழ்ந்த வாதத்தையும் உங்கள் முன் வைப்பதே எங்கள் நோக்கம். அந்த வாதத்தில் நம் சங்கத்தின் தீர்மானம் ஒன்றும் சம்பந்தப்பட்டிருக்கிறது. அதைப் பின்னர்ச் சொல்லுவோம்.

நான்காம் பிளாக்கில் குடியிருக்கும் கணக்குத் துறை அன்பர் ஒருவரின் மகள், பதினைந்து வயதுச் சிறுமி, அப்போட்டியில் கலந்துகொண்டாள். பெயரை மேடையில் சொல்ல வேண்டாமென்று அவளே கேட்டுக்கொண்டிருக்கிறாள். உங்களில் பெரும்பாலோர்க்குத் தெரிந்த பெண்தான். நவராத்திரிக் கொலுவின்போது இதே மேடையில் பாடியிருக்கிறாள்.

முதலில் ஒன்று சொல்லவேண்டும். தமிழர்களாகிய நமக்குக் குதிரை என்றுமே சிறிது தூரத்துச் சொந்தம்தான். பசுவும் எருதும் நம் வீட்டுக் கொட்டிலில் பிறந்தவை. குதிரையோ கடல் வழியே மரக்கலத்தில் வந்து இறங்கிய சரக்கு. காவிரிப்பூம்பட்டினத்துத் துறையில் குதிரைகள் வந்து இறங்கியதைப் பட்டினப்பாலை சொல்லுகிறது. பாண்டியன் தன் அமைச்சரிடம் பொன்னைக் கொடுத்துக் குதிரை வாங்க அனுப்பியதும், அப்பொன் திருப்பெருந்துறையிலே கோயிற் பணிக்குப் போனதும், நரி பரியானதும் நாமெல்லோரும் சிறுவயதில் கேட்ட கதை. அவை மயூரகதி, வானரகதி என்று குதிரையின் நடைக்குப் பெயர் சூட்டியவர்கள் நம் முன்னோர். ஆயினும் ஏறியவர் யார்? அரசன் ஏறினான், படைத்தலைவன் ஏறினான், ஊர் எல்லையில் ஐயனார் ஏறினார். மற்றவர்கள் சுடுமண்ணில் குதிரை செய்து வைத்துவிட்டு ஒதுங்கி நின்றோம். இந்த ஒதுங்கி நிற்கும் குணம் நம் இரத்தத்தில் ஊறியிருக்கிறது என்பதற்கு எங்களிடமே சான்று இருக்கிறது.

டில்லியில் வாழும் நமக்கு இன்னொரு கதையும் உரியது. செஞ்சியை ஆண்ட தேசிங்கு ராஜன் 1714ஆம் ஆண்டில் ஆற்காட்டு நவாபின் படையோடு போரிட்டு இளவயதில் மாண்டவன். அவன் மரபால் புந்தேலர் குலத்தவன். எனினும் தமிழ் மக்கள் அவனைத் தம்மவனாக்கிக் கதைப்பாடல் பாடினர். அக்கதைப்பாடலின்படி, டில்லி பாதுஷாவின் லாயத்தில் எவரும் ஏற முடியாத முரட்டுக் குதிரை ஒன்று நின்றது. அதை அடக்கி ஏறியவன் செஞ்சியிலிருந்து வந்த இளைஞனே. இது வரலாறா, பாணர் கற்பனையா என்று ஆராய்வது நம் வேலையன்று. கன்டோன்மென்ட் சாலையில் பஸ்ஸில் போகும்போது எங்களுள் மூத்தவராகிய ரயில்வே ஓய்வுபெற்ற மாமா இக்கதையைப் பாட்டாகவே பாடிக் காட்டினார். பஸ் ஓட்டியவர் ஹரியானாக்காரர். ஒரு சொல்லும் புரியாமலே தலையை ஆட்டிக்கொண்டு வந்தார்.

நாங்கள் மைதானத்தை அடைந்தபோது காலை ஒன்பது மணி. பனி விலகவில்லை. குதிரையின் குளம்பொலி முதலில் கேட்டது. குதிரை பின்னர்த் தெரிந்தது. பனிக்குள்ளிருந்து ஒவ்வொன்றாக வெளிப்பட்ட அக்குதிரைகளின் மீது பன்னிரண்டு, பதினான்கு, பதினாறு வயதுக் குழந்தைகள் நிமிர்ந்து உட்கார்ந்திருந்ததைக் கண்டபோது, உடன் வந்த தாய்மார்கள் எல்லோரும் ஒருசேர மூச்சை உள்ளுக்கு இழுத்தார்கள். சிறுமியின் தாயார் மட்டும் மைதானத்திற்கு முதுகைக் காட்டிக்கொண்டு நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்துவிட்டார். முந்தைய ஆண்டு பயிற்சியின்போது மகள் விழுந்து காறை எலும்பு முறிந்து ஆறு வாரம் கையைக் கட்டிக்கொண்டிருந்தாள். அன்றுமுதல் அவர் மகள் குதிரைமேல் இருக்கையில் பார்ப்பதில்லை. ஆனால் உடன் வராமலும் இருப்பதில்லை.

குதிரைப் பந்தயம் வேறு, இப்போட்டி வேறு என்பதை முதலில் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். பந்தயத்தில் எது முந்துகிறதோ அது வென்றது. தடை தாண்டும் போட்டியில் கட்டை விழுந்தால் நான்கு குற்றப்புள்ளி, குதிரை மறுத்து நின்றால் நான்கு, ஆள் விழுந்தால் வெளியேற்றம் என்று எளிதாகக் கணக்கிடலாம். நாங்கள் காலையில் கண்டதோ இரண்டும் அன்று. ஏறியிருப்பவரின் இருக்கை, கை, கால், பார்வை, குதிரையோடு அவர் பேசும் மறைமொழி ஆகியவற்றையே நடுவர் மதிப்பிடும் போட்டி அது. குதிரை அழகியதா, விலை உயர்ந்ததா என்பது கேள்வியன்று. சவாரி செய்பவர் அதை எங்ஙனம் நடத்துகிறார் என்பதே கேள்வி.

எட்டுப் பேர் ஒன்றாக மைதானத்தைச் சுற்றி வந்தனர். நடுவர் குரல் கொடுத்தார்: நடை, பின்னர் டிராட் எனப்படும் துள்ளோட்டம், பின்னர் கேன்டர் எனப்படும் மென்பாய்ச்சல். சிறிது நேரம் சென்றதும் அங்கவடியிலிருந்து காலை எடுத்துவிட்டுச் சவாரி செய்யும்படி ஆணையிட்டார். அப்போதுதான் யார் உண்மையில் உட்கார்ந்திருக்கிறார், யார் அங்கவடியில் தொங்கிக்கொண்டிருந்தார் என்பது வெளிப்பட்டது. காது, தோள், இடுப்பு, குதிகால் நான்கும் ஒரே செங்குத்துக் கோட்டில் நிற்கவேண்டுமாம். முழங்கையிலிருந்து குதிரையின் வாய்வரை இன்னொரு நேர்க்கோடு. குதிகால் தாழ்ந்திருக்கவேண்டும், பார்வை குதிரையின் காதுகளுக்கிடையே முன்னே செல்லவேண்டும். பரதநாட்டிய அரைமண்டியை நினைவூட்டுகிறது என்று நடன ஆசிரியையாகிய மாமி ஒருவர் சொன்னார். நல்ல உவமைதான், ஒரே வேறுபாடு, இங்கே தரையே அசைந்து ஓடுகிறது.

இவ்விருக்கைக் கலைக்கு நீண்ட வரலாறு உண்டு. கிரேக்க அறிஞர் செனபோன் இற்றைக்கு ஏறத்தாழ 2,350 ஆண்டுகளுக்கு முன்பே குதிரையேற்றத்தைப் பற்றி நூல் எழுதினார். குதிரையைக் கோபத்தோடு அணுகாதே என்பது அவர் போதனைகளில் ஒன்று. தடை தாண்டுகையில் பின்னோக்கிச் சாய்வதே முறையென்று ஐரோப்பியர் நெடுங்காலம் நம்பியிருந்தனர். 1868இல் பிறந்து 1907இல் மறைந்த ஃபெடெரிகோ காப்ரில்லி என்னும் இத்தாலியக் குதிரைப்படை அதிகாரி, அது குதிரையின் வாயையும் முதுகையும் வருத்துகிறது என்று கண்டு, முன்னோக்கிச் சாய்ந்து குதிரையைத் தன் இயல்பில் தாண்ட விடும் முறையை வகுத்தார். இன்று உலகெங்கும் குழந்தைகள் கற்பது அதைத்தான்.

அமெரிக்காவில் இளைஞர்க்கென்றே இத்தகைய பெரும்போட்டி ஒன்று உண்டு. மெக்லே போட்டி என்பது அதன் பெயர். 1933ஆம் ஆண்டுமுதல் நடைபெற்றுவரும் அதில் பதினெட்டு வயதுக்கு உட்பட்டோரே கலந்துகொள்ளலாம். அதன் கோப்பை விலங்கு வதைத் தடுப்புச் சங்கத்தின் பெயரால் வழங்கப்படுகிறது என்பது எங்களுக்கு வியப்பாக இருந்தது; சிந்தித்தால் அதில் பொருத்தம் இல்லாமலில்லை. இறுதிச் சுற்றில் போட்டியாளர்களின் குதிரைகளை மாற்றிக் கொடுத்து ஏறச் சொல்லுவதும் உண்டு. தன் குதிரையில் நன்றாக ஏறுவது பழக்கம். பிறர் குதிரையில் நன்றாக ஏறுவதே கல்வி என்பது கருத்து. வில்லியம் ஸ்டெயின்கிராஸ் என்பவர் 1941இல் பள்ளிப் பருவத்தில் அக்கோப்பையை வென்றார். இரண்டாம் உலகப்போரில் நம் அண்டை நாடாகிய பர்மாவில் போர்புரிந்தார். 1968இல் மெக்சிகோ ஒலிம்பிக்கில் தடை தாண்டலில் தனிநபர் தங்கம் வென்றார். வயலினும் நன்கு வாசிப்பாராம். இத்தகவலை எங்கள் குழுவிலிருந்த சங்கீத சபைக்காரர் மிகவும் பாராட்டினார்.

இனி, இது செல்வர் விளையாட்டு அன்றோ என்னும் கேள்விக்கு வருவோம். ஆம், செல்வர் விளையாட்டுத்தான், மறுக்க வேண்டியதில்லை. குதிரை தீனி தின்னும், லாடம் கேட்கும், நோயுறும், லாயக்காரருக்குச் சம்பளம் வேண்டும். ஒருகாலத்தில் பணம் மட்டுமன்று, பதவியும் வேண்டியிருந்தது. 1948ஆம் ஆண்டு லண்டன் ஒலிம்பிக்கில் டிரஸ்ஸாஜ் எனப்படும் ஒழுங்குநடைப் போட்டியில் ஸ்வீடன் குழு தங்கம் வென்றது. அக்குழுவில் ஒருவராகிய கெனால் பெர்சன் முறையான அதிகாரிப் பதவி பெற்றவரல்லர், வெறும் சார்ஜென்ட் என்று பின்னர் வாதம் எழுந்து, தங்கம் பறிக்கப்பட்டது. குதிரைக்குத் தெரியாத வேற்றுமை அது! விதி பின்னர் மாறியது. 1952இல் ஹெல்சின்கியில் அதே பெர்சன் அடங்கிய ஸ்வீடன் குழு மீண்டும் தங்கம் வென்றது.

அதே 1952இல்தான் பெண்கள் முதன்முறையாக ஒலிம்பிக் குதிரையேற்றத்தில் அனுமதிக்கப்பட்டனர். டென்மார்க்கைச் சேர்ந்த லிஸ் ஹார்ட்டெல் என்னும் அம்மையார், 1944இல் இளம்பிள்ளை வாதத்தால் முழங்காலுக்குக் கீழே செயலிழந்தவர். குதிரைமேல் ஏறவும் இறங்கவும் பிறர் உதவி தேவைப்பட்டவர். ஆண்களோடு சரிநிகராகப் போட்டியிட்டு வெள்ளி வென்றார். இன்றுவரை ஒலிம்பிக்கில் இவ்விளையாட்டில் ஆணும் பெண்ணும் ஒரே களத்தில், ஒரே பதக்கத்திற்காகப் போட்டியிடுகின்றனர். எங்கள் கண்முன்னும் அவ்வாறே நடந்தது. பையன்கள், பெண்கள் என்று பிரிவினை இல்லை.

நம் நாட்டிலும் இக்கலை பெரிதும் படையினரின் கையிலேயே வளர்ந்தது. 1982இல் இதே டில்லியில் ஆசிய விளையாட்டில் குதிரையேற்றம் முதன்முறை சேர்க்கப்பட்டபோது, ஈவென்டிங் என்னும் மும்முனைப் போட்டியில் ரகுபீர் சிங் தனிநபர் தங்கம் வென்றார். குழுவும் தங்கம் வென்றது. கூடாரமுளை பெயர்த்தலில் ரூபிந்தர் சிங் பிராருக்கு இன்னொரு தங்கம். அதன்பின் நெடிய இடைவெளி. 2018இல் ஜகார்த்தாவில் பெங்களூரு இளைஞர் பவாத் மிர்சா தனிநபர் வெள்ளி வென்றார். 2023இல் ஹாங்சோவில் சுதிப்தி ஹஜேலா, திவ்யகிருதி சிங், ஹ்ருதய் சேடா, அனுஷ் அகர்வாலா ஆகிய நால்வரும் டிரஸ்ஸாஜ் குழுப் போட்டியில் தங்கம் பெற்றனர். நாற்பத்தோர் ஆண்டுகளுக்குப் பின் வந்த தங்கம் அது. அந்நால்வரில் இருவர் பெண்கள். கொல்கத்தாவைச் சேர்ந்த அனுஷ் 2024இல் பாரிஸ் ஒலிம்பிக்கிலும் பங்குகொண்டார். இவர்கள் ஐரோப்பாவில் தங்கிப் பயிற்சி பெற்றவர்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். நான்காம் பிளாக்கிலிருந்து அவ்வளவு தூரம் எளிதில் போய்விட முடியாது.

பிற்பகலுக்கு வருவோம். புளியோதரையும் தயிர்சாதமும் உண்டு முடித்து நாங்கள் மீண்டும் அமர்ந்தபோது பனி நீங்கி வெயில் காய்ந்தது. இப்போது எட்டுத் தடைகள். இங்கும் இருக்கையே மதிப்பிடப்படும். தாண்டுவது அதற்கு உரைகல். சிறுமிக்கு வாய்த்த குதிரை பாதல் என்னும் பதினேழு வயது வெண்சாம்பல் கிழம். படையில் பணியாற்றி ஓய்வு பெற்றது. அவளுடையதன்று; பயிற்சிச் சாலையின் குதிரை. மற்றவர்களின் குதிரைகளில் சில அயல்நாட்டிலிருந்து வந்தவை. எண்ணெய் பூசியதுபோல் மின்னின.

முதல் நான்கு தடைகள் எங்களுக்கே புரியும்படி அழகாகக் கடந்தன. ஐந்தாவது, நீலப் பலகையும் பூந்தொட்டிகளும் வைத்த தடை. பாதல் நெருங்கி வந்து, நான்கு கால்களையும் ஊன்றி நின்றுவிட்டது. சிறுமி அதன் கழுத்துவரை சரிந்து, எவ்வாறோ மீண்டு நிமிர்ந்தாள். எங்கள் பக்கத்தில் "ஐயோ" என்ற ஒலி எழுந்ததும் முதுகைக் காட்டியிருந்த தாயார் கண்களை மூடிக்கொண்டார். அவள் கையில் சாட்டை இருந்தது. அவளுக்கு முன் சென்ற பையன் ஒருவன் இதே தடையில் சாட்டையைப் பயன்படுத்தித் தாண்ட வைத்திருந்தான். ஆகவே எல்லோரும் அதையே எதிர்பார்த்தோம். அவள் செய்தது வேறு. கழுத்தில் ஒருமுறை தட்டிக் கொடுத்தாள். வட்டமாகத் திரும்பி, சற்று அகன்று வந்து, தடைக்கு முன் கடிவாள வாரை நெகிழ்த்தினாள். குதிரை தலையைத் தாழ்த்திப் பார்த்தது. தாண்டியது. பின்னங்கால் பட்டு ஒரு கட்டை விழுந்தது. மீதி மூன்று தடைகளையும் கடந்து, நடுவருக்கு வணக்கம் செலுத்தி வெளியேறினாள்.

முடிவு அறிவிக்கப்பட்டது. பதினான்கு பேரில் அவளுக்கு நான்காம் இடம். பதக்கம் மூன்று பேருக்குத்தான். ஆயினும் ஒரு தடையையும் தட்டாமல் சென்ற சிலர் அவளுக்குக் கீழே வந்தது எங்களைக் குழப்பிற்று. திரும்பும் வழியில் பஸ்ஸில் இதுபற்றிப் பெரும் வாதம் மூண்டது. ரயில்வே மாமா, "மறுத்து நின்ற குதிரைக்கு நான்காம் இடமா? சிக்னலை மதிக்காத வண்டிக்குப் பரிசு கொடுப்பதுபோல இருக்கிறதே!" என்றார். நம் பெண்ணுக்குக் கிடைத்ததை நாமே குறைசொல்லுவதா என்று ஒருவர் கடிந்தார். நடுவர் ஓய்வுபெற்ற குதிரைப்படை அதிகாரி, பட்டாளக் குதிரைமேல் அவருக்குப் பாசம் என்று மூன்றாமவர் கண்டுபிடித்தார். நாங்களும் ஏதோ சொன்னோம். இப்போது நினைத்தால் அதுவும் அறியாமைதான்.

பின்வரிசையில் உட்கார்ந்திருந்த சிறுமி அப்போதுதான் வாய் திறந்தாள். "மாமா, பாதல் மறுக்கவில்லை. நான்தான் பார்க்கவிடவில்லை" என்றாள். குதிரைக்குக் கண்கள் பக்கவாட்டில் இருப்பதால் நெற்றிக்கு நேர் முன்னே, மூக்கடியில் உள்ள பொருள் தெரியாதாம். தடையைத் தொலைவிலேயே அளந்துகொண்டு, தாண்டும் கணத்தில் ஏறக்குறையக் குருடாகவே தாண்டுகிறது. அளப்பதற்குத் தலையைத் தாழ்த்தவோ உயர்த்தவோ அதற்கு உரிமை வேண்டும். பூந்தொட்டிகளைக் கண்டு அவள் அஞ்சி வாரை இறுக்கிவிட்டாள். தலை கட்டுண்ட குதிரை அளக்க முடியாமல் நின்றது. "பிழை என் கையில். அதை எப்படி அடிப்பது? உஸ்தாத் அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறார்" என்றாள். உஸ்தாத் என்பது அவளுடைய ஆசான். குதிரைப்படையில் பணிபுரிந்த ராஜஸ்தானத்துப் பெரியவர். நடுவர் அந்த நெகிழ்த்தலைக் கண்டிருக்கவேண்டும். நாங்கள் இருபத்திரண்டு பேரும் விழுந்த கட்டையை மட்டும் கண்டோம்.

ரயில்வே மாமா நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "அந்தக் குதிரைக்கு வெல்லம் பிடிக்குமா?" என்று கேட்டார். பிடிக்கும் என்றாள்.

இப்போது தீர்மானத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். ஓராண்டுக்கு முன் அச்சிறுமியின் தந்தையார் நம் சங்கத்து மாணவர் உதவி நிதியிலிருந்து, தலைக்கவசமும் காலணியும் வாங்க உதவி கேட்டு விண்ணப்பித்தார். நிர்வாகக் குழுவிலிருந்த நாங்கள் ஐந்து நிமிடங்களில் அதைத் தள்ளிவிட்டோம். செல்வர் விளையாட்டு என்றும், அபாயகரமானது என்றும், பெண்குழந்தைக்கு ஏற்றதன்று என்றும் நடவடிக்கைக் குறிப்பில் எழுதப்பட்டிருக்கிறது. கையொப்பங்களில் எங்கள் கையொப்பமும் உண்டு. அபாயம் என்று காரணம் காட்டி, அபாயத்தைக் குறைக்கும் தலைக்கவசத்தையே மறுத்திருக்கிறோம் என்பது அன்று எவர்க்கும் தோன்றவில்லை. தந்தையார் ஒரு சொல்லும் குறை கூறாமல், மாலை வேளைகளில் ஒரு கடைக்குக் கணக்கு எழுதத் தொடங்கினார். போட்டியன்று அவள் அணிந்திருந்த தலைக்கவசம் மூத்த மாணவி ஒருத்தியிடம் இரவல் வாங்கியது, சற்றுப் பெரிது, உள்ளே துணி மடித்து வைத்திருந்தாள். காறை எலும்பு முறிந்த நாளிலும் அதே இரவல்தான்.

இப்பேச்சைக் கேட்டு எவரும் தம் குழந்தையைக் குதிரைமேல் ஏற்றவேண்டும் என்று நாங்கள் சொல்லவில்லை. அத்தாயாரின் அச்சம் பொய்யன்று. அன்று முழுதும் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்த எங்களுக்கு அது தெரியும். ஆனால் அந்தத் தீர்மானத்தை அடுத்த பொதுக்குழுவில் மறுபடியும் எடுத்துக்கொள்ளும்படி எழுதிக் கொடுத்திருக்கிறோம். அதற்காகச் சென்ற வாரம் பொருளாளருடன் உட்கார்ந்து பழைய கோப்பைத் தேடி எடுத்தோம். விண்ணப்பத்தின் பின்புறத்தில், பென்சிலால், சிறுமியின் கையெழுத்தில் தலைச் சுற்றளவும் பாத அளவும் குறிக்கப்பட்டிருந்தன. நாங்கள் அன்று தாளைத் திருப்பிப் பார்க்கவே இல்லை. ஓராண்டு கழிந்துவிட்டது, வளரும் குழந்தை, அவ்வளவுகள் இனி உதவா. புதிதாக அளவெடுத்து அனுப்பும்படி அவள் தந்தையாருக்குச் சொல்லியனுப்பியிருக்கிறோம்.